மூன்று முறை விழுந்த தெற்குச் சுவர்

அத்தியாயம் 6

சுவரை இடித்தவன் செங்கல்லைக் கழுவி வைத்துவிட்டுப் போயிருந்தான்.

அச்சுத் குனிந்து ஒரு கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு பொட்டு சிமெண்ட் ஒட்டியிருக்கவில்லை. அவன் வீட்டில் காபி டம்ளரைக்கூட இவ்வளவு அக்கறையாகக் கழுவுவதில்லை. கற்களை வரிசையாக அடுக்கி, மேலே ஈரச் சாக்குப் போட்டு மூடியிருந்தது.

"மேடம், இது நாசவேலை மாதிரியே இல்லை. பத்துப் பாத்திரம் தேய்க்கற யாரோ வழி தவறி இங்க வந்துட்டா" என்றான்.

நீலாம்பாள் சிரிக்கவில்லை. அச்சுத் சொல்வதற்குச் சிரிப்பதில்லை என்று அவர் சபதம் எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. இந்தத் தொழிலுக்கு வருமுன் பதினைந்து வருஷம் நெசவாளர் சங்கம் ஒன்றில் சேலைகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி, இழை தப்பிய இடத்தைச் சொல்லிவிடுவார். சேலையில் பொய் கண்டுபிடித்து அலுத்துப்போன பிறகு, மனிதர்களிடம் கண்டுபிடிக்கலாமே என்று காந்தி ரோட்டு மாடியில் 'நீலா துப்பறியும் நிலையம்' என்று போர்டு மாட்டிவிட்டார். வருகிற கேஸ்களில் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரணை. உதவியாளனாகச் சேர்ந்த நாளிலிருந்து அச்சுத் பதினொரு கல்யாணங்களை நிறுத்தியிருக்கிறான். அவனுக்குத்தான் இன்னும் ஒன்றும் குதிரவில்லை.

ஆகவே, பாலாறு உயிர்காப்புத் தொண்டர் மன்றம் தன் கட்டடத்தின் சுவரைக் காணோம் என்று தேடி வந்தபோது, நிலையத்தில் ஒரு புத்துணர்ச்சி ஏற்பட்டது உண்மை.

மன்றம் இருக்குமிடம் செவிலிமேட்டுக்குத் தெற்கே, ஆற்றங்கரை. பாலாற்றில் தண்ணீர் ஓடுவது அபூர்வம். ஆனால் லாரி லாரியாக மணல் அள்ளிய பள்ளங்கள் ஆற்றில் நிறைய. மழைக்காலத்தில் அவை நிரம்பிவிடும். கணுக்கால் தண்ணீர் என்று நம்பி ஒருவர் நாலடி நடப்பார். ஐந்தாவது அடியில் பனைமர ஆழம் இருக்கும். துணி துவைக்க வருகிறவர்களும் குளிக்க வருகிறவர்களும் அப்படிப் போய்விடாமல் காப்பாற்றத்தான் மன்றம். உறுப்பினர் பதினெட்டுப் பேர். சின்னக் காஞ்சிபுரத்து வாத்தியார் வீட்டுப் பிள்ளைகள் பாதி, பிள்ளையார்பாளையத்து நெசவாளர்கள் பாதி. சம்பளம் கிடையாது. இதுவரை காப்பாற்றிய உயிர்கள் இருபத்து மூன்று. இத்தனை நாள் ஓர் ஓலைக் கொட்டகையில் இருந்தார்கள். ஐப்பசி மழையில் அது சாய்ந்துவிட்டதால், இப்போது 1999 தை மாதத்தில், கல்லும் சிமெண்ட்டுமாகக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அதாவது மூன்று பக்கம் எழும்பிக்கொண்டிருந்தது.

"திங்கட்கிழமை சாயங்காலம் முருகேசன் தெற்குச் சுவரை மார் உயரத்துக்குக் கட்டிட்டுப் போனான்" என்றார் செயலாளர் சடகோபன். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். எதையும் வரிசைப்படிதான் சொல்வார். "செவ்வாய்க்கிழமை காலம்பற நடுவிலே நாலடி அகலத்துக்குச் சுவர் இல்லை. திரும்பக் கட்டினான். புதன்கிழமை காலம்பற இல்லை. திரும்பக் கட்டினான். இன்னிக்கும் இல்லை. மூணு தடவையும் அதே இடம், அதே அளவு. ஒரு செங்கல்கூட உடையலை."

அச்சுத் பார்த்தான். இரண்டு பக்கமும் மார் உயரத்துக்குச் சுவர் நின்றது. நடுவில் மட்டும் தரையிலிருந்து ஒன்றரை அடிதான். பல் விழுந்த வாய்போல இருந்தது.

"யார் மேல சந்தேகம்?" என்று கேட்டார் நீலாம்பாள்.

சடகோபன் கையைக் காட்டவில்லை. கண்ணை மட்டும் காட்டினார். சிமெண்ட் மூட்டைமேல் கொத்தனார் முருகேசன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஈரப் பூச்சிலேர்ந்து கல்லை உடைக்காம எடுக்கக் கொத்தனாருக்குத்தான் தெரியும். அவனோட கரணை இங்கேதான் சாக்குக்கு அடியிலே இருக்கு. மூணு நாளும் காலம்பற அது ஈரமா இருந்தது. கமிட்டியிலே தீர்மானம் போட்டுட்டா. அஞ்சு மணிக்குள்ளே வேற பதில் கிடைக்கலைன்னா ஸ்டேஷன்லே எழுதிக் கொடுக்கணும்." சடகோபன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்கு மனசு ஒப்பலை அம்மா. அதனாலேதான் உங்களைக் கூப்பிட்டேன்."

அச்சுத் கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்றரை.

முருகேசன் அப்போதுதான் வாயைத் திறந்தார். "இருவது வருசமா ஊட்டுக்கு அஸ்திவாரம் போட்டுக்கினு இருக்கேன்மா. கைராசிக்காரன்னு கூப்புடறாங்க. ஒரு தபா டேசன் படி மெரிச்சிட்டு வந்தேன்னா, அப்புறம் எவன் என் கையில மொதக் கல்லு குடுப்பான்? நான் கட்டுன சொவர நானே இடிப்பனா?"

பெரிய ஆம்பிளை ஒருவர் அழாமல் இருக்கப் படுகிற பாட்டைப் பார்க்க அச்சுதுக்குக் கஷ்டமாக இருந்தது. கஷ்டமாக இருக்கும்போது அவன் வழக்கமாக ஏதாவது ஒரு முடிவுக்கு வந்துவிடுவான்.

"மேடம், மணல் லாரிக்காரா! இங்க ஒரு கட்டடம் வந்தா அவா திருட்டு மணல் அள்ளறது தெரிஞ்சுபோயிடும். அதோ பாருங்கோ டயர் தடம்."

"லாரிக்காரன் இடிச்சா, கல்ல ஏத்திக்கினு போவான். கழுவியா வெப்பான்?" என்றார் நீலாம்பாள்.

லாரிக்காரர்கள் அத்தோடு கேஸை விட்டு வெளியேறினார்கள்.

நீலாம்பாள் முருகேசன் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். "காலையில நீ வரும்போது வேற எதுனா கலைஞ்சி இருந்துதா?"

"வேற ஒண்ணும் இல்லமா. ஒரு நாய்தான் உள்ள வந்து பள்ளம் பறிச்சிட்டுப் போவுது. நானும் தெனம் மூடறேன். இன்னிக்குத்தான் நீங்க எதையும் தொடக்கூடாதுன்னு சொல்லி அனுப்ச்சீங்களே, வுட்டுட்டேன்."

"எங்க?"

இடிந்த இடத்துக்கு நேராக உள்ளே, சுவரிலிருந்து இரண்டு முழம் தள்ளி, தரைக்குக் கொட்டி இறுக்கியிருந்த கிராவல் மண்ணில் ஒரு பள்ளம் இருந்தது.

"தெனம் ஒரே எடத்துலயா?"

"ஆமாமா."

"சதுரமாவா?"

முருகேசன் யோசித்தார். நாய் என்று முடிவு கட்டிய பிறகு அவர் வடிவத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை.

"சதுரமாப் பள்ளம் பறிக்கத் தெரிஞ்ச நாய்க்கு பாலிடெக்னிக்ல சீட்டே குடுத்துடுவா மேடம்" என்றான் அச்சுத்.

நீலாம்பாள் பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்தார். புடவையைச் சற்று ஒதுக்கிக்கொண்டு கால் இரண்டையும் உள்ளே இறக்கினார். நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கு நாற்காலி எப்படியோ அப்படி, யோசிக்காமல் உட்கார்ந்தார். பிறகு நிமிர்ந்து சுவரின் இடைவெளி வழியாக வெளியே பார்த்தார். நேர் எதிரே ஆறு இருந்தது.

"அச்சுத், நீ வந்து உக்காரு."

அச்சுத் ஆறடிக்கு ஒரு விரல் குறைவு. உட்கார்ந்தபோது முழங்கால் முகவாய்க்கு வந்தது.

"முருகேசா, நீ."

முருகேசன் பள்ளத்தின் பக்கத்தில் குந்திக்கொண்டு, ஏதோ விழுந்துவிட்டதுபோல உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பாத்தீங்களா சார்? உக்காருன்னா குந்தறாரு. இவரு இல்ல." நீலாம்பாள் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார். "இது தறிக்குழி. நெய்யறவங்க தரையில உக்காந்துக்கினு, கால குழியில வுட்டு மிதிபலகைய மெரிப்பாங்க. நானும் அப்டி வளந்தவதான். எங்களால சம்மணம் போட்டு அரை மணி நேரம் உக்கார முடியாது. எங்க போனாலும் காலு ஒரு குழியத் தேடும். இங்க வந்தவங்களுக்கும் தேடியிருக்குது."

"ஆக, இடிச்சது ஒரு நெசவாளி" என்றார் சடகோபன். "மன்றத்திலே ஒன்பது பேர் இருக்கா."

நீலாம்பாள் இடுப்பிலிருந்து ஒரு சிவப்புப் பட்டு நூலை எடுத்துப் பள்ளத்துக்குள் விட்டார். அடியைத் தொட்டதும், விளிம்பு வரும் இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டார். "தறிக்குழிய அவங்கவங்க காலுக்குத்தான் வெட்டறது. செருப்பு மாதிரி. ஒருத்தர் குழி இன்னொருத்தருக்கு ஒத்து வராது."

"சார், இந்த ஜன்னலெல்லாம் ஏன் வடக்கே இருக்கு?" என்று கேட்டான் அச்சுத். எதிர்ச்சுவரில் மூன்று பெரிய ஜன்னல்களுக்கு இடம் விட்டிருந்தார்கள். அவற்றின் வழியே செவிலிமேடு பஸ் நிறுத்தம் கண்ணுக்கு நிறைவாகத் தெரிந்தது.

சடகோபன் கொஞ்சம் சங்கடப்பட்டார். "முதல் பிளான்லே தெற்கேதான் பெரிய ஜன்னல். கட்டடத்துக்கு நன்கொடை தர்றவா வீட்டு வாஸ்துக்காரர், தெற்கே ஜன்னலே கூடாதுன்னுட்டார். கமிட்டியிலே வோட்டுக்கு விட்டோம். எல்லாரும் கை தூக்கினா."

"நல்லதுதான் சார். பஸ்ல யாராவது மூழ்கினா உடனே காப்பாத்திடலாம்."

"எல்லாருமா கை தூக்குனாங்க?" என்றார் நீலாம்பாள்.

சடகோபன் தீர்மானப் புத்தகத்தைப் பிரித்தார். "ஒருத்தர் தூக்கலை. நம்ம நீச்சல் கேப்டன், பிள்ளையார்பாளையத்து நெசவாளி சிவராஜ்."

அச்சுத் துள்ளிக் குதித்தான். நெசவாளி, நீச்சல் கேப்டன், கை தூக்காதவர். கேஸ் முடிந்தே விட்டது. மிச்சமிருந்தது கைகுலுக்கல் மட்டும்தான்.

பிள்ளையார்பாளையத்துத் தெருவில் அச்சுதின் மொபெட் நுழைந்தபோது, இரண்டு பக்கத்து வீடுகளிலும் தறிச் சத்தம் சட்டென்று தணிந்தது. நீலாம்பாள் வேலையை விட்டு ஆறு வருஷம் ஆகியும், அவர் தலையைக் கண்டால் அந்தத் தெருவில் பழைய பயம் வந்துவிடும்.

சிவராஜ் தறியில் இருந்தார். அகலமான தோள். தண்ணீரிலிருந்து ஒருவரை ஒற்றைக் கையால் இழுத்துவிடக்கூடிய கை, குறுக்கு நூலை ஓட்டும் நாடாவை மட்டும் குழந்தையைத் தொடுவதுபோலத் தொட்டது.

"நீலாக்கா! என் சேலையில எதுனா கொறையா?"

"உன் சேலையில எப்பவும் கொறதான். இப்ப அதுக்கு வரல. கால எடு."

"இன்னாக்கா?"

"குழியிலேர்ந்து கால எடுப்பா."

அந்தக் குரலுக்குத் தெருவே கீழ்ப்படிந்து பழகியிருந்தது. சிவராஜ் காலை எடுத்தார். நீலாம்பாள் சிவப்பு நூலைக் குழிக்குள் விட்டார். அச்சுத் தன் முகத்தைக் கண்டிப்பாக வைத்துக்கொண்டு கேள்வியைத் தொடுத்தான்.

"கமிட்டியிலே கை தூக்காதது நீங்கதானே?"

"எந்தக் கமிட்டி?"

"ஜன்னல் விஷயம். பதினேழு பேர் கை தூக்கியிருக்கா. நீங்க மட்டும் தூக்கலை. ஏன்?"

சிவராஜின் முகத்தில் குற்ற உணர்ச்சி பரவியது. அச்சுத் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"தூங்கிட்டேங்க" என்றார் சிவராஜ். "விடியக்காலம் நாலு மணிக்குத் தறியில எறங்கறவன் நான். மத்தியானம் மூணு மணிக்கு, துன்னுட்டு வந்த ஒடனே மீட்டிங் வெச்சா இன்னா பண்றது? வாத்தியாரு கிட்ட சொல்லிடாதீங்க."

நீலாம்பாள் நிமிர்ந்தார். நூல் அடியைத் தொட்டபோது, முடிச்சு விளிம்புக்கு ஒரு சாண் கீழேயே நின்றுவிட்டது. "இவரு குழி ஆழம். இவரு இல்ல."

மொத்தக் கேஸும் ஒரு சாண் பள்ளத்தில் விழுந்துவிட்டது. மணி மூன்றேகால். அச்சுதுக்கு முருகேசனின் முகம் நினைவுக்கு வந்தது. இன்னும் எட்டு நெசவாளர்கள், எட்டு வீடு, எட்டுக் குழி. ஐந்து மணிக்குள் எட்டுப் பேரின் காலை எடுக்கச் சொல்ல முடியுமா என்று அவன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, நீலாம்பாள் அறையின் மறுபக்கத்துக்குப் போய்விட்டிருந்தார். அங்கே இன்னொரு தறி இருந்தது. பாதி நெய்த அரக்குச் சேலை. ஆள் இல்லை.

அவர் குனிந்து நூலை விட்டார். முடிச்சு விளிம்பில் வந்து சரியாக உட்கார்ந்தது.

"இது யாரு தறி?"

"தங்கச்சிது. இளவரசி."

"எங்க அவ?"

"ஆத்தாண்ட. தெனம் பன்னெண்டு மணி வரைக்கும் நெய்யும். அப்புறம் ஆத்துக்குப் போச்சின்னா இருட்டனப்புறந்தான் வரும்."

"அங்க இன்னா வேல?"

"வேல ஒண்ணும் இல்லக்கா" என்றார் சிவராஜ். "சும்மா உக்காந்துக்கினு இருக்கும்."

நீலாம்பாள் அவரை ஒரு தினுசாகப் பார்த்தார். சேலையின் மடிப்பில் பிசிறைக் கண்டுபிடித்த பார்வை அது. "இருவத்து மூணு பேர நீங்க காப்பாத்துனீங்க இல்ல? முழுகறாங்கன்னு மொதல்ல பாத்தது யாரு?"

"அது விசில் அடிக்கும். நாங்க குதிப்போம்."

"எத்தினி தபா?"

சிவராஜ் வாயைத் திறந்தார். விரலை மடக்கி எண்ணத் தொடங்கினார். இரண்டாவது கைக்கு வந்தபோது எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

"எல்லாத் தபாவும்க்கா" என்றார். அதைச் சொல்லிவிட்டு அவரே திகைத்துப்போனார்.

"அவ மன்றத்துல மெம்பரா?"

"அதுக்கு நீச்சல் தெரியாதே."

பக்கத்து வீட்டுத் தறி மறுபடியும் துணிந்து ஓட ஆரம்பித்தது.

"சட்டையப் போட்டுக்கினு எங்கூட வா" என்றார் நீலாம்பாள்.

நாலரை மணிக்கு அவர்கள் திரும்பியபோது முருகேசன் தன் சாமான்களை மூட்டை கட்டி வைத்துவிட்டிருந்தார். தூக்குக்குண்டு, மட்டப்பலகை, கரணை எல்லாம் ஒரு பழைய வேட்டியில். சடகோபன் எழுதி வைத்த காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். முகம் வாடியிருந்தது.

கட்டடத்துக்கு வெளியே, கருவேல மரத்தடியில், மணலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். குட்டையான உருவம். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு விசில். மத்தியானம் அச்சுத் அந்த இடத்தைக் கடந்து நாலு தடவை போய்வந்திருந்தான். வெயிலுக்கு ஒதுங்கிய யாரோ என்றுதான் நினைத்திருந்தான்.

"இளவரசி, சொவத்த இடிச்சது முருகேசன்னு அவர டேசனுக்கு இட்டுக்கினு போவப் போறாங்க" என்றார் நீலாம்பாள்.

மறுவார்த்தை பேசாமல் அவள் எழுந்து நேராக உள்ளே போய் முருகேசன் முன்னால் நின்றாள். "அண்ணே, மன்னிச்சிக்கோ. உம் மேல பழி வரும்னு சத்தியமா எனக்குத் தெரியாது. சார், நாந்தான் இடிச்சேன். அவர வுட்டுடுங்க."

சடகோபனுக்கு அவளைப் பார்த்த ஞாபகம் இருந்தது, யாரென்றுதான் தெரியவில்லை. "நீ யாரும்மா?"

"எந் தங்கச்சி சார்" என்றார் சிவராஜ், தரையைப் பார்த்துக்கொண்டு.

"நீயா? கல்லை உடையாம எப்படி எடுத்தே?"

"ஆறு மணிக்கு எல்லாரும் வேல முடிச்சிப் போனதும் பூச்சு ஈரமாத்தான சார் இருக்குது? கரணைய வுட்டு நெம்புனா தானா வருது. சிக்குப் புடிச்ச பட்ட அவுக்கறத வுட ஈஸி. கல்லு காயக்கூடாதுன்னு முருகேசண்ணன் சித்தாளு கிட்ட சொல்லிக்கினு இருந்தாரு. அதான் கழுவி சாக்கு போட்டேன்."

முருகேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொழில்முறையில் தலையை ஆட்டினார். "ஒரு கல்லு ஒடையல சார்" என்றார்.

"ஏம்மா இடிச்சே?"

அவள் பதில் சொல்லுமுன் நடந்துபோய்ப் பள்ளத்தில் காலை இறக்கி உட்கார்ந்துகொண்டாள். நின்றுகொண்டு பேச அவளுக்கு வராது போலிருந்தது. முகத்தை அவர்கள் பக்கம் திருப்பவில்லை. இடைவெளி வழியாக ஆற்றைப் பார்த்தபடியே பேசினாள்.

"பதினோரு வருசம் ஆவுது சார், எம் புருசன் அந்த ஆத்துப் பள்ளத்துல போயி. அன்னிக்குக் கரையில முப்பது பேர் இருந்தாங்க. நீச்சல் தெரிஞ்சவங்க எட்டு பேரு. பாத்தவங்க ஒருத்தர் இல்ல. முழுகறவங்க சத்தம் போடுவாங்கன்னு எல்லாரும் நெனைக்கறாங்க. போட மாட்டாங்க சார். சும்மா நிக்கறா மாதிரி இருக்கும். அப்புறம் இருக்க மாட்டாங்க." அவள் விசிலைக் கையில் எடுத்துக்கொண்டாள். "அதான் நான் பாக்கறேன். எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. கொட்டாயில ஓலைய நீக்கிட்டு உக்காந்துப்பேன். மரத்தடியிலேர்ந்து பாதி ஆறுதான் தெரியுது. மீதியப் பாக்க கொட்டா இருந்த இந்த எடந்தான், இந்தச் சொவரு வந்துட்டா அது போச்சி."

"கமிட்டியிலே வந்து சொல்லியிருக்கலாமே?"

"நான் மெம்பர் இல்லியே சார்."

அச்சுதின் வாயில் ஒரு கிண்டல் தயாராக இருந்தது. அதை விழுங்கிக்கொண்டான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. காலையிலிருந்து எல்லோரும் இந்தச் சுவரையே உற்று உற்றுப் பார்த்தார்கள். அது எதை மறைக்கிறது என்று மேடத்தைத் தவிர ஒருவரும் பார்க்கவில்லை. அவன் ஜன்னலை வைத்து ஜோக் வேறு அடித்திருந்தான்.

சடகோபன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கல்மனசுக்காரர் இல்லை அவர். ஆனால் பரம்பரையாகச் சில விஷயங்களில் பயந்தவர். "நீ சொல்றது புரியறதும்மா. ஆனா தெற்கு யாரோட திசைன்னு உனக்கும் தெரியும். உயிரைக் காப்பாத்தற இடத்திலே, போயும் போயும் எமனோட திசையிலே ஒரு திறப்பை வெச்சு..."

விசில் அலறியது.

சடகோபன் பேச்சு பாதியில் நின்றது. அச்சுதுக்குக் காது அடைத்துப்போயிற்று. இளவரசி பள்ளத்தில் உட்கார்ந்தபடியே கையை நீட்டியிருந்தாள். அந்தக் கையை யாரும் பார்க்குமுன், சிவராஜ் இடிந்த சுவரை ஒரே தாவில் தாண்டி வெளியே ஓடிக்கொண்டிருந்தார்.

ஆற்றில், பள்ளத்தின் ஓரமாக, ஒரு பெண் மிதந்து போகும் புடவை ஒன்றை எட்டிப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடுப்பளவுத் தண்ணீர். சும்மா நிற்பதுபோலத்தான் இருந்தது. அடுத்த கணம் மார்பளவு. அடுத்த கணம் தலைமுடி மட்டும். பிறகு அந்த இடத்தில் புடவை மட்டும் மிதந்தது.

சிவராஜ் சட்டையோடு பாய்ந்தார்.

அச்சுத் இடைவெளியில் வந்து நின்று அந்தப் புடவையையே பார்த்தான். எத்தனை நேரம் என்று அவனுக்குத் தெரியவில்லை. தண்ணீர் கலைந்தது. சிவராஜின் தலை தெரிந்தது. பிறகு அவருடைய தோளில் இன்னொரு தலை. கரையில் துவைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்து அலறினார்கள். கரைக்கு வந்த பெண் இருமினாள், வாந்தி எடுத்தாள், பிறகு அந்தப் புடவை எங்கே என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி காதில் விழுந்தபிறகுதான் முருகேசன் சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்தார்.

இளவரசி விசிலை வாயிலிருந்து எடுத்தாள். கண்ணை ஆற்றிலிருந்து எடுக்கவில்லை.

"எமன் அந்தப் பக்கமாத்தான் சார் வரான்" என்றாள். "பதினோரு வருசமா நான் அவனத்தான் பாத்துக்கினு இருக்கேன்."

சடகோபன் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து எட்டாகக் கிழித்தார். கணக்கு வாத்தியாரானதால் எட்டும் சமமாக இருந்தன. வெள்ளை வேட்டியைப் பொருட்படுத்தாமல் இளவரசிக்குப் பக்கத்தில் கிராவல் மண்ணில் உட்கார்ந்து, அவளுடைய கண் மட்டத்துக்குத் தலையைச் சாய்த்து வெளியே பார்த்தார்.

"இன்னும் ஒரு வரிசை எறக்கினா அந்த வளைவும் தெரியும் போலிருக்கே?"

"தெரியும் சார்."

"முருகேசா, ஒரு வரிசை எடுத்துடு."

முருகேசன் மூட்டையை அவிழ்த்துக் கரணையை எடுத்தார். எடுத்தவர் தயங்கினார். "வாஸ்துக்காரரு வந்து கேட்டா, சார்?"

"தெற்கே ஜன்னல்தானே கூடாதுன்னார்? இது ஜன்னல் இல்லையே. கட்டி முடியாத சுவர். முடியாத சுவருக்கு எந்தச் சாஸ்திரத்திலேயும் தோஷம் சொல்லலை."

அச்சுத் நீலாம்பாளைத் திரும்பிப் பார்த்தான். இரண்டு வருஷத்துச் சபதத்தை மறந்துவிட்டு அவர் சிரித்துக்கொண்டிருந்தார். தான் சொல்லிச் சிரிக்க வைக்கவில்லையே என்று அவனுக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

"அப்ப இந்தச் சொவத்த எப்பதான் சார் முடிக்கறது?" என்று கேட்டார் முருகேசன்.

சடகோபன் ஆற்றிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார்.

"எமன் அந்தப் பக்கமா வர்றது நிக்கட்டும். முடிச்சுடலாம்."